ஷூமேக்கருக்கு வயதானது காரணமில்லை

தம்பி, 2005-இல் ஃபார்முலா ஒன் கார் பந்தய வீரர் ஷூமேக்கருக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் அவருடைய ஃபெராரி அணி ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லை என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் ஜெயித்தார்கள். அந்தத் தடத்தில் மிஷலின் டயர் பாதுகாப்பில்லை என்று அதைப் போட்டிருந்த 14 கார்கள் விலகி, 6 மட்டுமே ஓடிய ரேஸ் அது. நம்ம நரேன் கார்த்திகேயன் 4-ஆவதாக வந்தார். சத்துவாச்சாரி வீட்டு டிவியில் பார்த்த அந்த இரவை நான் மறக்கவே மாட்டேன்.

முந்தைய ஆண்டு 18-இல் 15 ரேஸ் ஜெயித்த அணி சரிந்ததற்கு முக்கியக் காரணம் டயர் விதி. தகுதிச் சுற்றுக்கும் ரேஸுக்கும் சேர்த்து ஒரே செட் டயர், நடுவில் மாற்றக் கூடாது என்றார்கள். மே மாத வெயிலில் வேலூரிலிருந்து வாலாஜா வரை பைக் ஓட்டியவர்களுக்கு, சூடான சாலை டயரை என்ன செய்யும் என்று தெரியும். ஃபெராரியின் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் ஒரு ரேஸின் முழுத் தூரத்துக்குத் தாக்குப்பிடிக்கவில்லை; இண்டியானாபோலிஸ் தவிர மற்ற இடங்களில் எதிரணிகளின் மிஷலின் பெரும்பாலும் பிடித்தது. ஃபெராரியின் அந்த ஆண்டு காரான எஃப்2005-உம் சுமார்தான், சரி. ஆனால் 2006-இல் டயர் மாற்ற மறுபடி அனுமதித்ததும், இன்னும் ஒரு வயது கூடிய அதே ஷூமேக்கர் 7 ரேஸ் ஜெயித்தார். பதிவைத் திருத்திவிடுங்கள், தம்பி.