வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு கிண்ணம் கெட்டித் தயிர்

வடசென்னையில் காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் பல வீடுகளில் மீன் குழம்பு வைத்த அன்று தயிர் வெளியே வராது. இரண்டும் சேர்ந்தால் தோலில் வெண்புள்ளி வரும் என்ற பயம். வாரத்துக்கு நாலு நாள் மீன் என்றால் நாலு நாளும் தயிர் கிடையாது. மிச்ச நாளில், "ஆயாவுக்குச் சளி பிடிக்கும்" என்று இரண்டு ஸ்பூன் தயிரைத் தண்ணீராகக் கரைத்து மோர் என்று கொடுத்துவிடுகிறோம். பல் போன வயதில், மெல்லாமலே உள்ளே போகிற ஒரு நல்ல சாப்பாட்டை இப்படி நாமே தட்டிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

முதலில் மீன் விஷயம். தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் வருவதுதான் வெண்புள்ளி. எதோடு எதைச் சாப்பிட்டோம் என்பதால் வருவதில்லை. ஆடி மாசம் அம்மன் கோயில் வாசலில் மோர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழையும் கருவாட்டுக் குழம்பையும் சேர்த்துத்தான் காலம் காலமாகச் சாப்பிடுகிறோம். அங்கே ஆகாதது ஒன்றும் ஆகவில்லையே. மீனே ஒத்துக்கொள்ளாதவர்கள், பால் ஒவ்வாமை உள்ளவர்கள் வேறு கணக்கு.

சளிக்குக் காரணம் வைரஸ். தயிர் எச்சிலோடு கலந்து தொண்டையில் கொஞ்ச நேரம் கெட்டியாக நிற்கும், அதைத்தான் சளி கட்டியது என்று நினைக்கிறோம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வைத்துக் கொடுத்தால் பல் கூச்சமும் இருக்காது.

இப்போது அளவு. 200 கிராம் கெட்டித் தயிரில் சுமார் 6 முதல் 7 கிராம் புரதம், 240 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம். ஒரு நாள் கால்சியத் தேவையான 1000 மில்லிகிராமில் ஏறக்குறைய கால் பங்கு. இரண்டு ஸ்பூன் தயிர் கரைத்த ஒரு டம்ளர் மோரில் புரதம் 1 கிராம்தான். மோர் தாகத்துக்கு நல்லது, எலும்புக்கும் தசைக்கும் அது போதாது. வயதானால் தசை கரைகிறது, பாத்ரூமில் தடுக்கி விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். 50 கிலோ எடையுள்ள பெரியவருக்குத் தினமும் 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். தயிர் அதில் ஒரு பங்கு, மீதிக்கு மீன், முட்டை, பருப்பு, சுண்டல். அதனால்தான் மீனையும் தயிரையும் மோதவிடாதீர்கள் என்று இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பாலின் சர்க்கரையில் ஒரு பகுதியை உறையும்போதே நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. ஆயுளைக் கூட்டும் என்று மட்டும் நம்பிவிட வேண்டாம். 1908-ல் நோபல் வாங்கிய விஞ்ஞானி மெட்ச்னிகாஃப், பல்கேரியக் கிராமத்தார் நீண்ட நாள் வாழ்வதற்குப் புளித்த பால்தான் காரணம் என்றார். அது இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. 2024-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வாரத்துக்கு இரண்டு கப் தயிர் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கலாம் என்று தயிர் டப்பாவில் எழுத அனுமதித்தபோதும், ஆதாரம் குறைவு என்பதைச் சேர்த்தே எழுதச் சொன்னது.

உறை ஊற்றுவதில்தான் பலர் தவறுகிறார்கள். அரை லிட்டர் பால் பொங்கியதும் இறக்கிவிடாமல், சிறு தீயில் 10 நிமிடம் கிளறி விடுங்கள், தயிர் கெட்டியாக உறையும். மெலிந்துபோய்ச் சாப்பாடு இறங்காதவர்களுக்கு ஆவின் பச்சை பாக்கெட், கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் நீலம். புரதத்தில் பெரிய வித்தியாசமில்லை. சுண்டு விரலை விட்டுப் பத்து எண்ணும்வரை சுடாமல் இதமாக இருக்கிறதா, அதுதான் பதம். அதைவிடச் சூடென்றால் உறை செத்துப்போகும், ஆறிவிட்டால் சரியாக உறையாது. முந்தின நாள் தயிர் ஒரு டீஸ்பூனை ஸ்பூனால் நன்றாகக் கடைந்து கலந்து மூடுங்கள். சித்திரை, வைகாசியில் 4 முதல் 5 மணி நேரம் போதும், மார்கழியில் 7, 8 ஆகும். உறைந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ராத்திரி முழுக்க அடுப்பங்கரையில் விட்டால் காலையில் புளித்துத் தண்ணீர் விட்டிருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் ரசத்தில் சேர்க்கலாம். நூல் நூலாக இழுத்தால் உறையில் வேறு கிருமி சேர்ந்திருக்கலாம், அந்த உறையை விட்டுவிட்டுப் புதுத் தயிரில் ஆரம்பியுங்கள்.

கொதிக்கக் கொதிக்க இருக்கும் சாதத்தில் தயிரைக் கொட்டாதீர்கள், உயிரோடு இருக்கிற நுண்ணுயிர் போய்விடும். மோர்க்குழம்பிலும் அப்படித்தான், புரதமும் கால்சியமும் மட்டும் மிஞ்சும். தயிர் சாதத்தில் சாதம் ஒரு பங்கென்றால் தயிரும் ஒரு பங்கு. பக்கத்தில் ஊறுகாய் வேண்டாம், ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராம்தான், பிரஷர் உள்ளவர்களுக்கு அதுவே அதிகமாகலாம். வெள்ளரிப் பிஞ்சோ, கேரட் துருவலோ போதும். பழ வாசனை போட்ட கப் தயிரில் சர்க்கரை ஏராளம்.

மாத்திரை நேரத்தைக் கவனியுங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, தயிரை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கால்சியம் அதை உறிஞ்ச விடாது. இரும்பு மாத்திரை, சில ஆன்டிபயாடிக்குகளும் அப்படியே. மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், தயிர் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனாலும் ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். கிட்னி பழுதானவர்களுக்குத் தயிரின் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சுமை, எத்தனை ஸ்பூன் என்பதை அவர்களுடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.