யூமா சிறை: தூக்கும் இல்லை, வைத்தியமின்மையும் இல்லை

அமெரிக்காவின் அரிசோனாவில் 1876 முதல் 1909 வரை இயங்கிய யூமா சிறையில் வைத்தியமே கிடையாது, தப்பியவர்களைத் தூக்கில் போட்டார்கள், அதனால்தான் அங்கே அத்தனை கல்லறைகள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இறந்தவர்களுக்கு இது அநியாயம் என்பதால் மறுக்கிறேன்.

அங்கே ஒருவரைக்கூடத் தூக்கிலிடவில்லை. அந்நாளில் மரண தண்டனையை நிறைவேற்றியது சிறை அல்ல, கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகம். தப்ப முயன்று பிடிபட்டவர்களுக்குக் காலில் சங்கிலியால் பிணைத்த கனத்த இரும்புக் குண்டுதான் தண்டனை.

வைத்தியமும் இருந்தது. சிறைக்குள்ளேயே மருத்துவமனை இருந்தது. கைதிகளுக்கு முறையான மருத்துவக் கவனிப்பு கிடைத்தது. நூலகமும் இருந்தது.

1876 முதல் 1909 வரை அங்கு அடைக்கப்பட்டவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர், அவர்களில் 29 பெண்கள். தண்டனைக் காலத்தில் இறந்தவர்கள் 111 பேர். பெரும்பாலானோரைக் கொன்றது காசநோய். அந்நோயை உண்டாக்கும் கிருமி எது என்பதே 1882இல்தான் தெரிந்தது. அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வந்தது 1940களில். எந்த மருத்துவராலும் அன்று அதைக் குணப்படுத்தியிருக்க முடியாது.

இதனால் அந்த இடம் சொகுசானது என்று ஆகிவிடாது. ஒன்பதடிக்கு எட்டடி அறையில் ஆறு பேர், மூன்றடுக்குக் கட்டில்கள், பாலைவன வெயில். ஒருவர் இருமினால் ஐந்து பேர் அந்தக் காற்றையே சுவாசித்தாக வேண்டும். விதி மீறியவர்களை அடைக்கக் குன்றைக் குடைந்து அமைத்த இருட்டறையும் உண்மைதான். நிர்வாகத்தைக் குற்றம் சாட்ட வேண்டுமானால் இந்த நெரிசலைச் சொல்லுங்கள். இல்லாத தூக்குமரத்தைக் காட்டினால், நோயாளியையும் மற்றவர்களையும் ஒரே அறையில் பூட்டியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.