231ங்கிறது ரயில் நம்பர் இல்லீங்க

இசையமைப்பாளர் ஆர்தர் ஹொனேகர் பத்தி ஒரு ஃபார்வர்டு சுத்துது, பசிபிக் கடலோரமா ஓடுன 231ஆம் நம்பர் ரயிலோட சத்தத்த அப்படியே காப்பி அடிச்சுதான் ‘பசிபிக் 231’ங்கிற ஆர்கெஸ்ட்ரா இசைய போட்டாராம். தப்பு. பசிபிக்ங்கிறது ஒரு வகை நீராவி இஞ்சின், முன்னாடி 2 சின்ன அச்சு, நடுவுல இஞ்சின இழுக்குற 3 பெரிய அச்சு, பின்னாடி 1, பிரான்ஸ்ல இப்படி அச்ச எண்ணித்தான் 231னு சொல்லுவாங்க, கடலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

இசையும் வெறும் சத்தக் காப்பி கிடையாது. 1923ல எழுதினப்போ வேகக் கணக்க வச்சு விளையாடிப் பாக்கறதுதான் அவரோட ஐடியா, டைட்டிலே அப்புறமாத்தான் வச்சேன்னு அவரே சொல்லியிருக்காரு. கேட்டுப்பாருங்க, வண்டி வேகம் பிடிக்குற மாதிரியே இருக்கும், ஆனா உள்ள தாளம் மெதுவாகிட்டே போகுது, ஸ்வரங்கதான் ஒரு அடிக்குள்ள கூடிக்கிட்டே வருது. செம மூளை! ஆனா மனுஷனுக்கு ரயில் இஞ்சின் மேல பைத்தியம், அது மட்டும் நிஜம்.

அப்புறம் ‘பிரெஞ்சுக்காரர்’னு வேற போட்டிருக்காங்க. 1892ல பிறந்தது பிரான்ஸ்ல இருக்குற லெ ஆவ்ர்ல, வாழ்ந்ததும் பெரும்பாலும் பாரிஸ்லதான், ஆனா அப்பா அம்மா சுவிஸ், இவரும் சுவிஸ் குடிமகன்தான். 1996ல வந்த சுவிஸ் 20 ஃபிராங்க் நோட்டுல இவர் முகம், திருப்பினா ரயில் சக்கரம்!