விளையாட்டு போர்டில், 1 முதல் 50 நோட்டில்

எல்.கே.ஜி. சேர்க்கை விளம்பரப் போர்டு எதைப் பார்த்தாலும் 'விளையாட்டு வழிக் கல்வி' என்ற வரி இருக்கிறது. அங்கே படிக்கும் மூன்றரை வயதுப் பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள். கட்டம் போட்ட நோட்டில் 1 முதல் 50 வரை, இரட்டைக்கோடு நோட்டில் இரண்டு பக்கத்துக்கு 'அ'. விளையாட்டு போர்டோடு சரி. பென்சிலை இறுக்கிப் பிடிக்கவே அந்த விரல்களுக்கு இன்னும் தெம்பில்லை. பாதி வீட்டுப்பாடம் அம்மா கையைப் பிடித்து எழுதியதாகத்தான் இருக்கும்.

50 வரை கடகடவென்று ஒப்பிக்கும் அதே பிள்ளையிடம் "நாலு கரண்டி எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். பல பிள்ளைகள் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வருவார்கள். எண்களை வரிசையாகச் சொல்வது வேறு, நாலு என்றால் எவ்வளவு என்று தெரிவது வேறு. நோட்டு முதலாவதைத்தான் சரிபார்க்கிறது.

இதைச் சொன்னதும் இன்னொரு கூட்டம் வந்துவிடும். "நாங்கள் எல்லாம் பல்லாங்குழி ஆடியே கணக்கு படித்தோம், சும்மா விளையாட விட்டால் போதும்" என்பார்கள். இவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு.

அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வுகளைப் பாருங்கள். வருமானம் குறைந்த வீடுகளைச் சேர்ந்த நாலைந்து வயதுக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரே மாதிரி இரண்டு அட்டைகள், இரண்டிலும் நேர்வரிசையில் பத்துக் கட்டம். ஒன்றில் 1 முதல் 10 வரை எண்கள், மற்றதில் வெறும் நிறங்கள். இரண்டு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் போல ஆடினார்கள். எண் அட்டையில் ஆடிய பிள்ளைகள் எது பெரிய எண் என்று சொல்வதில், எண்ணுவதில், எண்களை அடையாளம் காண்பதில் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது நின்றது. நிற அட்டைக்காரர்களும் அதே நேரம்தான் விளையாடினார்கள், அந்த முன்னேற்றம் வரவில்லை.

இன்னும் சுவாரசியமானது அடுத்து வந்த ஆய்வு. 100 வரை எண்கள் உள்ள அட்டையில் காய் 13-இல் இருக்கிறது, 2 விழுகிறது. "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி நகர்த்திய பிள்ளைகளைவிட "பதினாலு, பதினஞ்சு" என்று கட்டத்தில் இருக்கும் எண்ணைச் சொல்லி நகர்த்தியவர்கள் அதிகம் கற்றார்கள். அவ்வளவு சின்ன விஷயம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெரியவர் அப்படிச் சொல்ல வைத்தால்தான் உண்டு.

பல்லாங்குழியும் அப்படித்தான். ஒரு குழியில் நாலு சேர்ந்ததும் 'பசு' என்று அள்ளுகிறோமே, அதில் எண்ணிப் பார்க்காமலே நாலை நாலாகப் பார்க்கும் கண் பழகுகிறது. ஆனால் "உன் குழியில எத்தனை இருக்கு? எங்க போய் முடியும்?" என்று கேட்க எதிரில் பாட்டி இருந்தார். பாட்டியை எடுத்துவிட்டு ஆன்லைனில் ஒரு பல்லாங்குழிப் பலகையை மட்டும் வாங்கிக் கொடுத்தால் அது அலமாரி அலங்காரம்.

எழுத்துக்கும் நம்மிடம் வழி இருந்தது. திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் அதைப் பார்த்துத் தன் பள்ளியில் புகுத்தி, இங்கிலாந்து வரை கொண்டுபோனார். நாமோ விஜயதசமியன்று ஒரு நாள் அரிசித் தட்டில் எழுத வைத்துப் படம் எடுத்துவிட்டு, மறுநாளே பென்சிலைத் திணிக்கிறோம்.

தமிழக அரசு இந்தப் பக்கம் யோசிக்காமல் இல்லை. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பாடல், கதை, பொம்மலாட்டம் எல்லாம் வகுப்புக்குள் வந்தன. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பாடம் நடத்தச் சொன்னதும் நல்ல காரியம். ஆனால் அது ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். அதற்கு முந்தைய வயதுக்கு அங்கன்வாடி இருக்கிறது. அங்கே பணியாளர் எடை பார்க்க வேண்டும், இணை உணவு கொடுக்க வேண்டும், செயலியில் விவரம் ஏற்ற வேண்டும், தெருத்தெருவாகப் போய்க் கணக்கெடுக்கவும் வேண்டும். அப்புறம் பிள்ளையோடு உட்கார்ந்து கட்டம் நகர்த்த அவருக்கு ஏது நேரம்? பொம்மைகள் வாங்கித் தருவதைவிட அங்கே இன்னொரு ஆளைப் போடுவதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

வீட்டில் செய்ய விரும்புகிறவர்களுக்கு: கடையில் விற்கும் 100 கட்டப் பரமபதம் நாலு வயதுக்கு அதிகம். ஒவ்வொரு வரிசையிலும் திசை மாறுவதில் பிள்ளை குழம்பும். பழைய அட்டைப்பெட்டியை வெட்டி நீளமாகப் பத்துக் கட்டம் போட்டு, இடமிருந்து வலமாக எண் எழுதுங்கள். பகடைக்கு ஒரு புளியங்கொட்டையைத் தரையில் தேய்த்து ஒரு பக்கத்தை வெள்ளையாக்குங்கள். வெள்ளை விழுந்தால் 1, கறுப்பு விழுந்தால் 2. நகர்த்தும்போது கட்டத்தின் எண்ணைச் சொல்ல வையுங்கள். மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் தம்பி தங்கை பக்கத்தில் இருந்தால் மட்டும் கொட்டையைக் கீழே விட்டுவிடாதீர்கள், நேரே மூக்குக்குள் போகும்.