தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல்: ஒரு திருத்தம்
தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரியை நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும், பிரேக் நன்றாக இருந்தால் ஆபத்தில்லை என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு, அதிலும் இரண்டாவது உயிரைப் பறிக்கக்கூடியது.

கியரில் இருக்கும் வண்டி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இறங்கும்போது, சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால் இன்றைய டீசல் எஞ்சின்கள் எரிபொருளை அறவே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்கவே டீசல் செலவாகும்.

பிரேக்கைப் பொறுத்தவரை, 40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டர் டீசலை முழுவதும் எரித்தால் கிடைக்கும் வெப்பத்தைவிடச் சற்று அதிகம். எஞ்சின் பிடிமானம் இல்லாதபோது அதில் பெரும்பகுதி பிரேக் டிரம்களிலேயே இறங்குகிறது. டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங் கருகும் நெடி மூக்கில் ஏறும்போதே டிரம் சூட்டில் விரிந்து, மிதி ஆழமாகப் போனாலும் பிடி குறைந்திருக்கும். புத்தம்புது லைனிங்குக்கும் இதே கதிதான். மீண்டும் மீண்டும் மிதித்தால் பிரேக்கை இயக்கும் காற்றழுத்தமும் குறையும். அந்த வேகத்தில் கியரைத் திரும்பப் போட முயன்றால் பெரும்பாலும் விழாது.

மைலேஜ் கணக்குக் கேட்டு நெருக்கும் முதலாளிகளால்தான் இப்பழக்கம் நீடிக்கிறது என்பது என் எண்ணம். இறக்கம் தொடங்குமுன்பே கீழ் கியருக்கு மாறி, எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டுக்கொண்டு இறங்குங்கள். தயவுசெய்து அந்தக் கருத்தைத் திருத்துங்கள். புதிதாக ஸ்டியரிங் பிடிக்கும் பிள்ளைகளும் அதைப் படிக்கிறார்கள்.