ராயபுரம் ஸ்டேஷன் பேய் பங்களா இல்லை

இரண்டு நாளாக எல்லா குரூப்பிலும் சுற்றுகிறதே, அந்த வீடியோ பற்றித்தான். ராத்திரியில் வடசென்னையில் இருக்கும் எங்கள் ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனைப் படம் பிடித்து, பின்னணியில் ஒரு அலறல் சத்தத்தைச் சேர்த்து, 'பாழடைந்த பேய் பங்களா' என்று தலைப்பு. பார்த்ததும் வயிறு எரிந்தது.

அது ஸ்டேஷன். இன்றைக்கும் ஜனங்கள் ஏறி இறங்கும் ஸ்டேஷன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ஆற்காடு பக்கத்து வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பியது இங்கிருந்துதான். சென்ட்ரல் வந்தது 1873-ல், எழும்பூர் 1908-ல். அதுவரைக்கும் வழி காட்டியது எங்கள் ராயபுரம்.

"முதல் ரயில் பம்பாயில்தானே ஓடியது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், 1853-ல் ஓடியது, யார் மறுத்தார்கள்? ஆனால் அந்த ரயில் கிளம்பிய போரிபந்தர் ஸ்டேஷன் இன்றைக்கு இல்லை. கல்கத்தா பக்கத்து ஹவுராவில் இப்போது நிற்கும் ஸ்டேஷனும் பிறகு கட்டியதுதான். அந்தக் காலத்துக் கட்டடத்தோடு இன்னும் நிற்பது ராயபுரம். முகப்பில் வரிசையாக நிற்கும் அந்த உயரமான தூண்களுக்குப் பக்கத்தில் ஒரு தடவை போய் நின்று பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

என் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து, இங்கே ரயிலேறி ஆவடிப் பக்கம் கொண்டுபோய் விற்றவர். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டும், அதனால் வெண்டர் பெட்டி வந்து நிற்கும் இடமாகப் பார்த்து முன்னாடியே போய் நின்றுகொள்வார். தலையிலிருந்து கூடையை இறக்க யாராவது ஒரு கை கொடுப்பார்கள். அந்தக் காசில்தான் நாங்கள் படித்தோம். அந்த இடத்தைப் போய்ப் பேய் வீடு என்கிறார்கள்.

"சும்மா ஜாலிக்குப் போட்டது, இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்பார்கள். ஜாலி என்றால் அதை ஏன் சென்ட்ரல் முன்னாடி நின்று எடுக்கவில்லை? அங்கே எடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள், எங்கள் பக்கம் என்றால் எதைச் சொன்னாலும் நம்புவார்கள்.

பராமரிப்பு போதவில்லை என்று சொல்பவர்களோடு நானும் சேர்ந்து சொல்கிறேன், போதவே இல்லை. ஆனால் "இடித்துவிட்டுப் புது டெர்மினல் கட்டலாம்" என்ற கமெண்டுக்கு அத்தனை லைக்கா? டெர்மினல் தாராளமாக வரட்டும், எங்களுக்கும் வேண்டும். அதற்கு இந்தக் கட்டடத்தை ஏன் இடிக்க வேண்டும்?

சென்னை என்றால் மெரினா, மயிலாப்பூர், தி.நகர். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் எங்களுக்கு, கொடுங்கையூர்க் குப்பை எங்களுக்கு. இந்த ஊருக்கு ரயில் வந்ததே எங்கள் வாசல் வழியாகத்தான் என்று சொன்னால் மட்டும் "வடசென்னைக்காரன் புலம்புகிறான்". சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தலைப்பை மாற்றும் வரைக்கும் அந்த வீடியோவுக்குக் கீழே 1856 என்று எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.