அம்மா அந்த விறகடுப்பை விடவே மாட்டாவாம்!

2022இல 12.5 கிலோ காஸ் சிலிண்டருக்கு விடியவிடிய வரிசையில நிண்ட காலம். கொழும்பு வெள்ளவத்தையில, எங்கட மூண்டாம் மாடி பல்கனியில அம்மா ஒரு விறகடுப்பு வைச்சா. அப்ப அது தெய்வம், ஒத்துக்கொள்ளுறன். இப்பதான் காஸ் கிடைக்குதே, பிறகென்னத்துக்கு? காயப்போட்ட சட்டையில புகை, தலகணியில புகை, பிள்ளையின்ர தலைமயிரில புகை! றப்பர் விறகுக்கும் சிரட்டைக்கும் இடமிருக்கு, ஒரு கதிரை போட இடமில்லை.

"விறகில வைச்ச மீன்குழம்பின்ர ருசி காஸில வருமே?" எண்டு கேக்கிறா. வராதுதான் அம்மா! ஆனா ஊதுகுழலை ஊதிஊதி ராத்திரி முழுக்க நீங்கள் இருமுற இருமல்? அந்தப் புகையின்ர நுண்துகள் நேர நுரையீரலுக்குள்ள போகுமெண்டு எத்தினை தரம் சொல்லுறது?

நேற்று அடுப்பைத் தூக்கப் போனன். "தொடாத, தணல் கிடக்கு" எண்டு ஓடி வாறா. இருமிக்கொண்டே ஓடி வாறா!